அம்பு செய்யக் கற்ற மருத்துவர்

காட்டில் முற்றிலும் நேரான கிளை கிடைப்பது அரிது. தொலைவிலிருந்து பார்க்கும்போது நேராகத் தோன்றும் குச்சியை வெட்டியெடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நீளவாக்கில் நோக்கினால், இரண்டு மூன்று இடங்களிலாவது அது நெளிந்திருப்பது புலப்படும். அம்பு செய்பவரின் உழைப்பில் பெரும்பகுதி அந்த நெளிவை எடுப்பதிலேயே கழிகிறது. வில்லாளிகளைப் போற்றும் கதைகள் பல மொழிகளிலும் உண்டு. அவர்கள் எய்த அம்புகளைச் செய்தவர் யார் என்று அக்கதைகள் சொல்வது அரிது. வில் ஒன்றைச் செய்துவிட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். அம்போ முறியும், புதரில் விழுந்து தொலையும், காயம்பட்ட விலங்கோடு காட்டுக்குள் போய்விடும். வேட்டையாடி வாழ்ந்த மக்கள் ஓயாமல் செய்துகொண்டிருந்தது வில்லை அன்று, அம்பையே.

அந்தத் தொழிலை, தம் மக்களின் முறைப்படி அதை அறிந்திருந்த கடைசி மனிதர் ஒருவரிடமிருந்து, நாற்பதை நெருங்கும் வயதில் ஓர் அறுவை மருத்துவர் கற்றுக்கொண்டார். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1912ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் கல்வி முழுதாக நான்கு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை.

மருத்துவரின் பெயர் சாக்ஸ்டன் போப். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பித்தவர். கல்லூரியை அடுத்திருந்தது அதே பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகம். அங்கேதான் அவருடைய ஆசான் குடியிருந்தார். ஆசானின் உண்மையான பெயர் இன்றுவரை எவருக்கும் தெரியாது. யாஹி மக்களிடையே தம் பெயரைத் தாமே பிறரிடம் கூறும் வழக்கம் இல்லை. தம்மை அறிந்த இன்னொருவர்தாம் அதைச் சொல்ல வேண்டும். அவரை அறிந்த யாஹி ஒருவரும் உயிரோடு இல்லை. ஆகவே மானிடவியல் பேராசிரியர் ஆல்ஃபிரெட் குரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். யானா மொழியில் அச்சொல்லுக்கு 'மனிதன்' என்பது பொருள்.

யாஹிகள் வட கலிபோர்னியாவில் லாசன் மலையின் அடிவாரத்தில், மில் ஓடை, டீர் ஓடை ஆகியவற்றின் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்கள். யானா இனத்தின் ஒரு பிரிவினர். 1848இல் கலிபோர்னியாவில் பொன் கண்டுபிடிக்கப்பட்டது. குடியேறிகள் வெள்ளமெனப் புகுந்தனர். அவர்களுடைய கால்நடைகள் மலைச்சரிவுகளை மேய்ந்து தீர்த்தன, மான்கள் குறைந்தன. 1860களில் ஆயுதமேந்திய குடியேறிகள் யாஹிக் குடியிருப்புகளைச் சூழ்ந்து, குழந்தைகள் என்றும் பாராமல் சுட்டுக் கொன்றனர். எஞ்சிய சிலர் செங்குத்தான பள்ளத்தாக்குகளுக்குள் ஒளிந்து, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வெளியுலகின் கண்ணில் படாமல் வாழ்ந்தனர். துப்பாக்கியின் வெடியோசை மலை முழுவதும் எதிரொலிக்கும். வில் அப்படி ஒலிப்பதில்லை. ஒளிந்து வாழ்ந்தோருக்கு அம்பு அன்றாட உணவு. அதனினும் மேலாக, அது அமைதி.

1908 நவம்பரில் நில அளவையாளர் குழு ஒன்று அந்த மறைவிடத்தைக் கண்டுவிட்டது. அப்போது எஞ்சியிருந்தவர்கள் நால்வரே. மற்றவர்கள் ஓடி மறைய, நடக்கவியலாத முதிய தாய் மட்டும் போர்வைகளுக்கடியில் கிடந்தார். வந்தவர்கள் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. ஆனால் வில், அம்பு, கூடை, தோலாடை என்று கையில் அகப்பட்டவற்றை நினைவுப் பொருள்களாக எடுத்துச் சென்றனர். குளிர்காலம் நெருங்கிய வேளையில், வேட்டைக் கருவிகளையும் போர்வைகளையும் இழந்த குடும்பம் எப்படிப் பிழைக்கும் என்று அவர்களுள் எத்தனை பேர் எண்ணினார்களோ! இஷியின் தங்கையும் உடனிருந்த முதியவரும் அதன்பின் காணப்படவில்லை. தாயும் விரைவில் இறந்தார். மூன்றாண்டுகள் தனியே அலைந்த இஷி, 1911 ஆகஸ்டு இறுதியில், ஓரோவில் என்னும் ஊரின் இறைச்சிக்கூடத்து வேலியருகே, பசியால் மெலிந்து, துக்கத்தின் அடையாளமாகத் தலைமுடியைத் தீயில் கருக்கிக்கொண்ட கோலத்தில் கண்டெடுக்கப்பட்டார்.

அவரை என்ன செய்வதென்று அறியாத காவல் அதிகாரி சிறையறையில் தங்கவைத்தார். அவருடைய மொழி எவருக்கும் புரியவில்லை. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த டி. டி. வாட்டர்மேன், யானாச் சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். நெடுநேரம் பயனில்லை. இறுதியில் 'சிவினி' என்று படித்து, கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டினார். மஞ்சள் பைன் மரத்தைக் குறிக்கும் சொல் அது. இஷியின் முகம் மலர்ந்தது. இரு உலகங்களுக்கிடையே முதன்முதலில் புரிந்துகொள்ளப்பட்ட சொல் ஒரு மரத்தின் பெயராக அமைந்தது.

அருங்காட்சியகத்தில் இஷிக்கு ஓர் அறையும், கட்டடத்தைத் தூய்மை செய்யும் பணியில் சிறு ஊதியமும் தரப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் கூடி, அவர் கல்லைச் சீவி அம்பு முனை செய்வதைப் பார்த்துச் சென்றனர். ஒரு மனிதரைக் காட்சிப் பொருள்களுக்கு நடுவே குடியமர்த்துவது தகுமா என்று இன்றைய வாசகர் கேட்பார். அன்று அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் அன்புடையவர்கள்தாம். ஆயினும் அந்தக் கேள்வியின் கூர்மையை அவர்களுடைய அன்பு மழுக்கிவிடவில்லை.

போப் அவருக்கு மருத்துவராக அறிமுகமாகி, பின்னர் நண்பரானார். யாஹி மொழியில் மருத்துவரைக் குறிக்கும் 'கூவி' என்ற சொல்லால் இஷி அவரைக் கருதினார். அறுவை மருத்துவத்தைவிட, நாணயத்தை மறைத்துக் காட்டும் போப்பின் கைவித்தையே அந்த மதிப்பை மிகுதியாக்கியது என்பது சுவையான செய்தி. இருவருக்கும் பொதுவாகச் சில நூறு சொற்களே இருந்தன. ஆகவே பாடம் சொற்களால் நடக்கவில்லை. ஒருவர் செய்தார்; மற்றவர் அருகில் அமர்ந்து பார்த்தார்; பிறகு தாமும் செய்தார். அறுவைக் கத்தி பிடித்துப் பழகிய கை, மானின் தசைநாண் நுனியைப் பிடித்துக்கொள்ளத் தொடக்கத்திலிருந்து கற்க வேண்டியிருந்தது.

இஷி அம்புக்குத் தேர்ந்த மரம் ஹேசல் என்னும் புதர்ச்செடி. அதன் நெடிய, இளைய தண்டுகளை வெட்டிப் பட்டையை உரித்து, கற்றையாகக் கட்டி நிழலில் உலரவைத்தார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெருமரத்தை அறுத்துச் செய்யும் குச்சியில் மரத்தின் இழைகள் சில இடங்களில் குறுக்காக ஓடி வெளியே வந்து முடிந்துவிடும். நாண் உந்தும் கணத்தில் அந்த இடத்திலேயே குச்சி முறியும். முறிந்த கூர்நுனி வில்லைப் பிடித்திருக்கும் கையைத் துளைப்பதும் உண்டு. மர அம்பு எய்யப் பழகும் தொடக்கநிலையாளர்களுக்கு இன்றும் முதலில் சொல்லித்தரப்படும் எச்சரிக்கை இதுதான்: இழை ஓட்டத்தைப் பார், எய்வதற்குமுன் தண்டை மெல்ல வளைத்துப் பார். முளைத்தெழுந்த தண்டில் இந்தக் குறை குறைவு. அதன் இழைகள் அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் செல்கின்றன. ஆனால் அதற்கு விலையாக, அது வளைந்தும் நெளிந்தும் இருக்கிறது.

நெளிவை எடுக்கத் தீ வேண்டும். சுவாலை அன்று, தணல். தண்டின் உட்குழிந்த பக்கத்தைத் தணலருகே பிடித்து, சூடேறியதும் எதிர்ப்பக்கத்தைக் கால் பெருவிரலால் அழுத்தியோ, கட்டைவிரலின் அடிப்பகுதியில் வைத்துப் பின்னோக்கி வளைத்தோ இஷி நேராக்கினார். சூட்டில் மரத்தின் இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் இளகுகிறது. ஆறும்போது புதிய வடிவில் இறுகுகிறது. சூடு குறைந்தால் குச்சி பழைய நெளிவுக்கே திரும்பும்; மிகுந்தால் கருகி வலுவிழக்கும். எவ்வளவு சூடு என்பதைச் சொல்ல அவரிடம் அளவுகோல் இல்லை, விரல்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் தண்டைக் கண்ணருகே உயர்த்தி நீளவாக்கில் நோக்குவார். ஒரு நெளிவைத் தீர்த்தபின் அடுத்ததற்குச் செல்வார். ஐந்து தண்டுகள் முடியும்வரை முடிந்தவற்றை ஒதுக்கி வைப்பார். ஐந்து, அல்லது பத்து என்பதே அவருடைய எண்ணிக்கை, கைவிரல்களே கணக்கு.

பின்னர், பள்ளம் வெட்டிய இரண்டு மணற்கற்களுக்கிடையே தண்டை வைத்து முன்னும் பின்னும் இழுத்து வழவழப்பாக்கினார். தொடைமேல் உருட்டியபடியே தேய்ப்பதும் உண்டு. அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு தடிமன் வந்ததும் நிறுத்தினார். போப் அதை அளந்து எழுதிக்கொண்டார், இஷி அளக்கவில்லை. தண்டின் முன்பகுதியில் வேறொரு கனமான மரத்தால் ஆன ஆறங்குல முன்தண்டைப் பொருத்த வேண்டும். அதற்குத் துளையிடும் முறை பார்ப்பவரை வியக்கவைக்கும். கூரிய நீண்ட எலும்பு ஒன்றை நிலத்தில் ஊன்றி, கால் பெருவிரல்களுக்கிடையே அதை இறுக்கிக்கொண்டு, அதன்மேல் தண்டை நிறுத்தி, உள்ளங்கைகளுக்கிடையே கடைவதுபோல் சுழற்றினார். கருவி அசையாமல் நிற்க, பொருள் சுழன்றது. தண்டு பிளந்துவிடாமலிருக்க அதன் முனையில் மான்தோல் வாரைச் சுற்றிக்கட்டியிருந்தார். முன்தண்டைப் பிசினிட்டுப் பொருத்தி, மென்று மிருதுவாக்கிய தசைநாணால் இணைப்பைச் சுற்றினார். உமிழ்நீரில் ஊறிய தசைநாண் உலரும்போது சுருங்கி இறுகும், முடிச்சே வேண்டியதில்லை.

அம்பின் நீளத்தை முடிவு செய்ய ஒரு முனையை மார்பெலும்பின் மேல் வைத்து, இடக்கையை முன்னே நீட்டி, சுட்டுவிரலின் நுனி தொடும் இடத்தில் வெட்டினார். அது ஏறத்தாழ 32 அங்குலம். இவ்வளவு என்று எண்ணால் குறிப்பது எளிது. ஆனால் அந்த எண் இஷியின் உடலுக்குரியது. நெடியவர் ஒருவர் அதே முறையில் வெட்டினால் வேறு நீளம் வரும், அதுவே அவருக்குச் சரியானதாகவும் இருக்கும். போப்பின் குறிப்பேட்டில் எண்ணும் முறையும் இரண்டும் இடம்பெற்றதால்தான் அந்தப் பாடம் பிறருக்கும் பயன்பட்டது.

அடிமுனையில் நாண் பொருந்தும் பிளவை எரிமலைக் கண்ணாடிக் கல்லின் சில்லால் அராவினார். நகரத்துக்கு வந்தபின், இரும்பறுக்கும் வாள் அலகுகள் மூன்றைச் சேர்த்துக் கட்டி அதே வேலையைச் செய்தார். புதிய கருவி கிடைத்ததும் தயங்காமல் எடுத்துக்கொண்டவர் அவர். பழைமையைக் காட்சிக்காகப் பேணியவர் அல்லர். முன்முனையில் அம்பு முனைக்கான பிளவை, அம்பு வில்லில் இருக்கும்போது முனையின் தட்டை செங்குத்தாக நிற்கும்படி வெட்டினார். அப்போதுதான் அது விலங்கின் விலா எலும்புகளுக்கிடையே எளிதில் நுழையும் என்பது அவர் கருத்து. பறக்கும் அம்பு சுழல்வதால் அந்த நிலை நீடிக்காது என்று போப் குறித்துள்ளார். இந்த ஓரிடத்தில் மாணவரின் கணக்கு ஆசானின் நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் இஷியின் அம்புகள் தவறாமல் மானைக் கொன்றிருந்தன.

அதன்பின் வண்ணம். காட்டில் வாழ்ந்தபோது சாதிலிங்கத்திலிருந்து சிவப்பும், மீனின் கண்ணிலிருந்து கறுப்பும், காட்டு வெங்காயத்திலிருந்து பச்சையும் எடுத்து மரப்பிசினில் குழைத்ததாக அவர் கூறினார். சான் பிரான்சிஸ்கோவில் அரக்கில் குழைத்த கடைப்பொடியே போதுமானதாக இருந்தது. பச்சையும் கறுப்பும் மாறிமாறி வரும் வளையங்கள் அவர் விரும்பிய கோலம். அழகுக்காக மட்டுமன்று, புல்லில் விழுந்த அம்பைக் கண்டெடுக்கவும், அது யாருடையது என்று அறியவும் அந்த வளையங்கள் உதவின. யாருடையது என்று கேட்க வேறொரு யாஹி இல்லாத ஊரிலும் அவர் அவற்றைத் தீட்டத் தவறவில்லை.

இறகு கட்டுவதே தொடக்கநிலையாளரின் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். கழுகு, பருந்து போன்றவற்றின் இறகுகளை முன்பு பயன்படுத்தியவர், நகரில் வான்கோழியின் சிறகிறகை எடுத்துக்கொண்டார். இறகின் நுனியை விரல்களால் பிரித்து, நடுத்தண்டை அடிவரை இரண்டாகக் கிழிப்பார். பார்க்க எளிது, செய்யப் புகுந்தால் இறகு பாதியில் கோணிக் கிழியும். போப் அதைக் கடினமான வித்தை என்றே எழுதினார். கிழித்த இறகின் தண்டைச் சுரண்டி மெலிதாக்கி, மூன்று இறகுகளை அம்பைச் சுற்றி வைத்து, இரு முனைகளிலும் தசைநாணால் கட்ட வேண்டும். இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவை. ஓர் அம்பில் அவ்விரண்டையும் கலந்தால் அதன் சுழற்சி குலைந்து, அது தள்ளாடிப் பறக்கும்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் அம்பு இலக்கை அடையும் என்று உறுதி கூற முடியாது. மர வில்லில் அம்பு நடுவிலன்றி ஒரு பக்கமாக அமர்கிறது. நாண் அதை உந்தும்போது வில்லின் உடல் வழியை மறிக்கிறது. அம்பு எப்படி நேரே செல்கிறது? அது நேராகப் புறப்படுவதே இல்லை. உந்துதலின் வேகத்தில் தண்டு பக்கவாட்டில் வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, மறுபக்கம் வளைந்து, மீன் நீந்துவதுபோல் சிலமுறை நெளிந்தபின் நேராகிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளர் அதிவேக ஒளிப்படங்களால் இதைக் காட்டினார். தண்டு அளவுக்கு மீறி விறைப்பாயிருந்தால் ஒரு பக்கம் விலகும். மிகவும் துவண்டால் மறுபக்கம் விலகும். வில்லின் வலுவுக்கேற்ற விறைப்புடைய தண்டைத் தேர்வதே அம்புக் கலையின் உயிர்நாடி. ஒளிப்படம் இல்லாத உலகில் இஷியின் கை அதை அறிந்திருந்தது. ஒரு தண்டை ஏன் ஒதுக்கினார், இன்னொன்றை ஏன் எடுத்தார் என்பதற்கு அவரிடம் சொற்கள் இருந்திருக்கலாம். கேட்பவரிடம் அவற்றைப் புரிந்துகொள்ளும் மொழி இல்லை.

அம்பு முனைகளை அவர் எரிமலைக் கண்ணாடியாலும், உடைந்த புட்டிக் கண்ணாடியாலும் செய்தார். மான்கொம்பின் நுனியால் விளிம்பை அழுத்தச் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, இலை போன்ற வடிவம் வெளிப்படும். 1990களில் தொல்லியலாளர் ஸ்டீவன் ஷாக்லி அந்த முனைகளை ஆராய்ந்து, அவை பழைய யாஹி முனைகளைவிட அண்டை இனத்தாரான வின்டு, நோம்லாக்கி மக்களின் முனைகளையே ஒத்திருப்பதாகக் கூறினார். ஒளிந்து வாழ்ந்த அந்தச் சிறு கூட்டத்தில் பல இனத்து எச்சங்கள் சேர்ந்திருக்கக்கூடும். இஷிக்குக் கற்பித்தவர் வேற்றினத்தவராகவும் இருந்திருக்கலாம். தம் ஆசான் யார் என்பதை இஷி சொல்லவில்லை. இறந்தோரின் பெயரை உச்சரிப்பதில்லை என்பதும் அம்மக்களின் மரபு.

1914 மே மாதத்தில் குரோபர், வாட்டர்மேன், போப், அவருடைய மகன் ஆகியோர் இஷியோடு டீர் ஓடைப் பள்ளத்தாக்குக்குச் சென்றனர். அங்கே போக அவர் முதலில் விரும்பவில்லை. போனபின், மானை அழைக்கும் ஒலியை எழுப்பிக் காட்டினார்; ஓடையில் நீந்தினார்; குடில்கள் இருந்த இடங்களைச் சுட்டினார். ஆண்டு முடிவதற்குள் நோயுற்றார். காசநோய் என்று தெரிந்தது. போப் மருத்துவம் பார்த்தார். அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்து இல்லை. அருங்காட்சியகத்தின் வெயில் நிறைந்த கூடம் ஒன்றைக் காலி செய்து அவரைப் படுக்கவைத்தனர். 1916 மார்ச் 25ஆம் நாள் அங்கேயே அவர் காலமானார்.

நியூயார்க்கில் இருந்த குரோபர், உடலைக் கூறுபடுத்தக் கூடாது என்று வலியுறுத்திக் கடிதம் எழுதினார். கடிதம் வந்துசேரும் முன்பே அது நடந்துவிட்டது. போப் அதைத் தடுக்கவில்லை. தசைநாணை மெல்லவும் தணலின் சூட்டை விரலால் அறியவும் கற்ற அவர், அந்த நாளில் மீண்டும் மருத்துவராகவே நின்றார். நட்பும் அறிவியல் ஆவலும் ஒரே மனத்தில் இருந்ததையும், எது வென்றது என்பதையும் மறைத்து எழுதுவதில் பயனில்லை. இஷியின் மூளை தனியே எடுத்துப் பாதுகாக்கப்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்த குரோபரே 1917இல் அதை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். உடல் எரியூட்டப்பட்டபோது பேழையில் அவருடைய வில் ஒன்றும், ஓக்கொட்டை மாவு நிறைந்த கூடையும், சங்குமணிக் காசும், புகையிலையும், எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளும், ஐந்து அம்புகளும் வைக்கப்பட்டன.

இஷியிடம் கண்டவற்றைப் போப் 1918இல் 'யாஹி வில்வித்தை' என்ற ஆய்வாகவும், 1923இல் வில்வேட்டை பற்றிய நூலாகவும் எழுதி வெளியிட்டார். ஆசானின் வழியை அவர் அப்படியே பின்பற்றவில்லை. ஆங்கிலேயரின் நெடுவில்லைச் சிறந்ததெனக் கொண்டார். ஹேசல் தண்டுக்கு மாறாக, தச்சர்கள் பயன்படுத்தும் பர்ச் மர உருளைக் குச்சிகளை வாங்கி அம்பு செய்தார். அந்நூலைப் படித்தே அமெரிக்காவில் ஒரு தலைமுறையினர் மர அம்பு செய்யத் தொடங்கினர். கடையில் வாங்கிய குச்சியிலும் நெளிவு இருந்தது. அவர்களும் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, சூடேற்றி, வளைத்து நிமிர்த்தினர். போப் 1926இல் காலமானார்.

ஸ்மித்சோனியனில் இருந்ததை மீட்கக் கலிபோர்னியாவின் முதற்குடிகள் 1990களில் முயன்றனர். யானா வழித்தோன்றல்கள் சிலர் ரெட்டிங் ரான்செரியா, பிட் ஆற்றுப் பழங்குடிகளிடையே வாழ்வது ஏற்கப்பட்டு, 2000ஆம் ஆண்டில் மூளை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. கல்லறையில் இருந்த சாம்பலோடு அதைச் சேர்த்து, லாசன் மலையடிவாரத்தில் அவர்கள் அடக்கம் செய்தனர். அந்த இடம் எதுவென்று அவர்கள் வெளியாருக்குச் சொல்லவில்லை. இஷி செய்த வேறு அம்புகள் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ளன. பச்சையும் கறுப்புமான வளையங்களோடு.